சாலட் டிரெஸ்ஸிங் பிரிஞ்சு போகுது, இலையும் துவளுது: உதவி தேவை

இலைப்பசி:
ஆலிவ் எண்ணெய் மூணு பங்கு, வினிகர் ஒரு பங்கு, உப்பு, மிளகுத்தூள். ஸ்பூனால நல்லா அடிச்சுத்தான் கலக்கறேன். ஆனா மேசைக்குக் கொண்டு போறதுக்குள்ள பிரிஞ்சுடுது. மேல இருக்கற இலை சப்புன்னு இருக்கு, கிண்ணத்து அடியில புளிப்புத் தண்ணி தேங்கி நிக்குது. லெட்டூஸும் சீக்கிரம் துவண்டுடுது. வினிகர்தான் இலையைக் கெடுக்குதா? குறைச்சுடட்டுமா?

கடுகுமணி:
குறைக்காதீங்க. வினிகர்ல பெரும்பாகம் தண்ணிதான், அமிலம் சுமார் 5 சதவீதம். அடிக்கறப்போ எண்ணெயும் அதுவும் சின்னச் சின்னத் துளியா சிதறும், விட்டா பழையபடி ஒண்ணுகூடிப் பிரிஞ்சுடும். அரை ஸ்பூன் கடுகு விழுது சேருங்க. கடுகுத் தோல்ல ஒரு வழவழப்பு இருக்கு, அது துளிகளை ஒட்டவிடாம கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

வரிசையும் முக்கியம். முதல்ல வினிகர்ல உப்பைக் கரைச்சுடுங்க, எண்ணெய்ல உப்பு கரையாது. அப்புறம் கடுகு விழுது, கடைசியா எண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கிட்டே அடிங்க. பொறுமை இல்லையா, மூடி போட்ட பாட்டில்ல எல்லாத்தையும் போட்டுக் குலுக்குங்க. நான் அதைத்தான் செய்யறேன்.

ஈரக்கை:
அதெல்லாம் இருக்கட்டும், இலையை எப்படி உலர்த்துறீங்க?

இலைப்பசி:
கழுவி, வடிதட்டுல ரெண்டு உதறு உதறிட்டு அப்படியே கிண்ணத்துல போடறேன்.

ஈரக்கை:
அப்போ அடியில நிக்கறதுல பாதி நீங்க கழுவின தண்ணிதான். ஈர இலையில எண்ணெய் ஒட்டாது, வழுக்கிட்டு இறங்கிடும். சுத்தமான துணியில பரப்பி ஒத்தி எடுங்க. இலை மடிப்புக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, ஈரம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். இது சரியாகலைன்னா எவ்வளவு கடுகு போட்டும் பிரயோஜனம் இல்லை.

துவளுறதுக்கு வினிகரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. எண்ணெய்க்குத்தான் அதுல பெரிய பங்கு. இலை மேல மெழுகுப் பூச்சு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல தண்ணி உருண்டு ஓடிடும், எண்ணெய் ஊடுருவிடும். நம்பலைன்னா ஒரு இலையில எண்ணெய், இன்னொண்ணுல வினிகர் தடவி அரை மணி கழிச்சுப் பாருங்க. அதனால பரிமாறறப்போ மட்டும் கலக்குங்க, அதுவும் கொஞ்சமா. கிண்ணத்தோட ஓரமா ஊத்திக் கையால பிரட்டினா எல்லா இலையிலயும் சமமாப் படும்.

மிளகுப்பொடி:
மூணுக்கு ஒண்ணுங்கறது வேதவாக்கு இல்லை. புளிப்பு கம்மியான அரிசி வினிகர்னா ரெண்டுக்கு ஒண்ணே போதும். ருசி பார்க்கறப்போ ஸ்பூன்ல நக்கிப் பார்க்காதீங்க, புளிப்பு தூக்கலாத்தான் தெரியும். ஒரு இலையை முக்கிக் கடிச்சுப் பாருங்க. இன்னொண்ணு: எக்ஸ்ட்ரா விர்ஜின் (சுத்திகரிக்காத) ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில வேகமா அடிச்சா சில சமயம் கசப்பு தட்டும்.

இலைப்பசி:
துணியில ஒத்தி எடுத்து, கடுகு விழுதும் சேர்த்துப் பார்த்தேன். அடியில தேங்கவே இல்லை! மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. கெட்டுப்போச்சா?

கடுகுமணி:
இல்லைங்க, ஆலிவ் எண்ணெய் குளிர்ல உறையும். கொஞ்ச நேரம் வெளியே வெச்சுக் குலுக்கினா பழைய நிலைக்கு வந்துடும். பச்சைப் பூண்டு போட்டிருந்தா மட்டும் வெளியே விட்டுவைக்காம, ஃப்ரிட்ஜ்ல வெச்சே ரெண்டு மூணு நாள்ல தீர்த்துடுங்க.