மூன்றாம் மாடியில் ஒரு கதிரை: மூட்டுவலியோடு வாழ்பவர்களின் அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தை, 72 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் பதினேழு ஆண்டுகளாக வசிக்கிறேன். வீட்டைப் பார்க்க வந்த நாளில் காற்று வருகிறதா, ரயில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குமா, கோயில் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரித்த நானும் கணவரும், படிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு மாடிக்கு 18 படிகள்; எங்கள் வாசல்வரை 90 படிகள். இந்தக் கணக்கை எனக்குக் கற்றுத்தந்தது 2022ஆம் ஆண்டு.

வலி அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. நவராத்திரிப் பூசைக்குப் போய்ப் பாயில் அமர்ந்திருந்தவள், தீபாராதனைக்கு எழ முயன்றபோது வலது முழங்கால் எழும்ப மறுத்தது. பக்கத்தில் இருந்த பெண் இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கிவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வைத்தியர், மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து எலும்புகளுக்கிடையிலான இடைவெளி குறைந்துவிட்டதாகவும், தேய்ந்ததை மாத்திரையால் திரும்ப வளர்க்க இயலாது என்றும், ஆனால் அந்த முழங்காலோடு நன்றாக நடமாட வழி உண்டு என்றும் விளக்கினார். அவர் சொன்னவற்றில் முதலிரண்டை மட்டுமே நான் கேட்டுக்கொண்டு வந்தேன் என்பது இப்போது விளங்குகிறது.

அடுத்த ஒன்றரை ஆண்டில் நான் செய்த தவறைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் என் வயதுப் பெண்கள் பலர் இதையே செய்வதைப் பார்க்கிறேன். தெரிந்த ஒருவருக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த டிக்லோபெனக் மாத்திரையை, அவருக்குச் சுகம் தந்தது என்பதற்காக நானும் பாமசியில் வாங்கி விழுங்கத் தொடங்கினேன். வலி குறைந்தது, ஆகையால் யாரிடமும் சொல்லவில்லை. ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுப்பவள் நான். கிளினிக்கில் வழமையாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் அளவு கூடியிருப்பதைக் கண்ட வைத்தியர், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியவை, இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை, இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அன்றோடு நிறுத்தினேன். பனடோலும் வெளியே பூசும் மருந்தும் போதுமான அளவுக்கு வலியைக் கட்டுப்படுத்தின; பனடோலுக்கும் நாளொன்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு 2022 வந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்தூக்கி நின்றது. எங்கள் கட்டடத்து ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்கவில்லை. முழங்காலுக்கு ஓய்வு கொடுப்பது நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாரக்கணக்கில் நான் கீழே இறங்காமல் வீட்டுக்குள் இருந்தேன். மரக்கறிக்காரரிடம் கயிற்றில் கூடை இறக்கி வாங்கினேன். பகல் முழுவதும் கதிரையிலும் கட்டிலிலுமே கழிந்தது. மே மாதத்தில் ஒரு காலை, உணவு மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றினாலொழியக் கதிரையிலிருந்து எழ முடியாத நிலையைக் கண்டபோதுதான் பயந்தேன். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், சதை வற்றியிருந்தது.

இயன்மருத்துவர் என்னைப் பார்த்ததும் முழங்காலை ஆராயவில்லை, தொடையைத்தான் ஆராய்ந்தார். முழங்காலுக்கு வரும் சுமையைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை, வயது போனவர்களுக்கு அசையாமல் இருந்தால் அது மிக விரைவாகக் கரைந்துவிடும், தசை கரையக் கரைய மூட்டின்மேல் சுமை கூடும், சுமை கூட வலி கூடும், வலி கூட மனிதர் இன்னும் அசையாமல் இருப்பார் என்று அந்தச் சுழலை ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். கதிரையில் அமர்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து அமர்வது, முதலில் மூன்று தடவை. இவ்வளவுதான். மூன்றாவது மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது.

படி ஏறும் முறையையும் அவரே கற்பித்தார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். ஊன்றுகோலை நான் நோகும் காலின் பக்கமே பிடித்துக்கொண்டு திரிந்தேன். அதை எதிர்க்கைக்கு மாற்றச் சொன்னார். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது கோலின் பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வரவேண்டும் என்றும் அளந்து காட்டினார்.

அந்த நாட்களில் மூன்றாம் மாடியில் வசிக்கும் தம்பி ஒருவர் தம் வாசலுக்கு அருகே, படி திரும்பும் இடத்தில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். “ரீச்சர், இதிலே இருந்து ஆறிப்போட்டு ஏறுங்கோ” என்றார். ஐந்தாம் மாடியில் இருப்பவள் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதை எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் முதல் இரண்டு நாளும் அதைக் கடந்து போனேன். மூன்றாம் நாள் உட்கார்ந்தேன். உங்களுடைய அனுபவங்களையும் அறிய விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை, 66 வயது

எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது, தோள்தான் சிறைப்பட்டது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். மேல் தட்டிலிருந்து பேரேட்டை எடுக்கக் கை உயர்த்தியபோது இடது தோளில் கத்தி பாய்ந்ததைப் போன்ற வலி ஏற்பட்டது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் பூசினேன், பின்னர் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். நாலு மாதத்தில் கை தோளுக்கு மேல் உயரவே இல்லை. உறைந்த தோள் என்று வைத்தியர் பெயர் சொன்னார். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருமாம். முதலில் வலிக்கும், பிறகு இறுகும், பிறகு தானாகவே மெல்ல இளகும், முழுவதும் கழிய ஓராண்டோ மூன்றாண்டோ செல்லலாம் என்றார். எனக்கு இரண்டேகால் ஆண்டு சென்றது.

சேட்டு அணியும்போது நோகும் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையை இறுதியில் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தந்தவர் என் மனைவி. அவர் தம் தாயாரைப் பராமரித்தபோது கற்றது அது.

என்னை மிகவும் வருத்தியது பஸ் பயணம். மேலே உள்ள கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் இருந்தது. அந்தக் கையில் பையும் இருந்தால் பிடிக்க ஒன்றுமில்லை. முதற்படியோ நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது. இறங்குவதற்குள் “இக்மனட்ட பஹின்ன” (கெதியாக இறங்குங்கள்) என்ற சிங்களக் குரல் முதுகில் விழுகிறது, ஒரு கால் தரையில் படும்போதே வண்டி நகர்ந்துவிடுகிறது. ஒருநாள் அப்படி இறங்கித் தடுமாறி, வீதியோர மரக்கறிக் கடையின் பலகையைப் பிடித்து நின்றேன். அதற்குப் பிறகு அலுவலக நேரத்தில் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்து, முதலாளியிடம் பேசி வேலை நேரத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றிக்கொண்டேன். கேட்பதற்கு ஆறு மாதம் தயங்கினேன். அவர் சம்மதிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

தெஹிவளை, 61 வயது

என் கணவருக்கு நடந்ததை எழுதுகிறேன். இரவில் மூன்று தடவை எழுந்து குளியலறைக்குப் போவார். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, புரஸ்டேட் சுரப்பிக்கு ஒரு மாத்திரை. இரண்டுமே எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக்கூடியவை என்பது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் விடியற்காலையில் எழுந்த வேகத்தில் தலை சுற்றி, குளியலறைச் சுவரில் துவாய் போடும் கம்பியைப் பிடித்தார். அது ஆணியோடு கழன்று வந்தது. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது.

துவாய்க் கம்பி மனிதரைத் தாங்காது. மேசனைக் கூப்பிட்டு, உறுதியான சுவரில் ஆழமாகத் துளையிட்டுக் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். கொமட்டுக்கு அருகே ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. இரவில் மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். இப்போது அவர் எழுவதற்கு முன் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அமர்ந்திருக்கிறார். இவற்றை விழுவதற்கு முன்பே செய்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

பம்பலப்பிட்டி, 77 வயது

மூட்டையும் தோளையும் பற்றி எழுதியவர்கள் பயனுள்ளவற்றை எழுதியிருக்கிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்து கதிரேசன் கோயிலில் அட்டாங்க வணக்கம் செய்து வந்தவன் நான். ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் இரதத்தின் பின்னால் பம்பலப்பிட்டிவரை வெறுங்காலோடு நடந்த ஆண்டுகள் பல. இரண்டு முழங்காலும் இடுப்பும் விட்டுப்போன பிறகு, கொடிமரத்தின் முன்னால் நின்று கைகூப்பிவிட்டுத் திரும்பும் நிலை வந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டேன், நிலத்தில் விழுந்து வணங்க முடியாமையைப் பொறுக்க எனக்கு நெடுநாள் எடுத்தது. கோயிலுக்குப் போவதையே சில மாதங்கள் நிறுத்தியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை குருக்கள் ஐயா என்னை வீதியில் கண்டு, ஏன் வருவதில்லை என்று கேட்டார். சொன்னேன். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. “நானும் இப்ப மணையில இருக்கிறேல்லை, ஸ்ரூல்ல இருந்துதான் பூசை செய்யிறன்” என்றார். அவரும் என் வயதுதான். அடுத்த வெள்ளி போனேன். மண்டபத்தின் தூணோரம் எனக்கென்று யாரும் கதிரை போட்டு வைக்கவில்லை; நானே கேட்டு வாங்கி அமர்ந்தேன். தேவாரம் பாடும்போது குரல் பழையபடியே வந்தது.

இப்போது வெயில் ஏறுமுன் கடற்கரை வீதியில் இருபது நிமிடம் நடக்கிறேன். முன்பு வெள்ளவத்தை ரயில் நிலையம்வரை போய்த் திரும்புவேன். இப்போது பாதி வழியில் திரும்புகிறேன். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதை அன்றைய காலே தீர்மானிக்கிறது. மழைநாளில் நடப்பதில்லை, நடைபாதைக் கற்கள் வழுக்கும்.

வெள்ளவத்தை, 72 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை

எல்லோருடைய அனுபவங்களையும் இரண்டு தடவை வாசித்தேன். தெஹிவளைச் சகோதரி எழுதியதை வாசித்த அன்றே எங்கள் குளியலறையின் துவாய்க் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், ஆடியது. மேசன் சனிக்கிழமை வருகிறார்.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யலாமே என்று இங்கே எழுதாமல் தனியாகக் கேட்டவருக்கும் இதிலேயே பதில் சொல்கிறேன். வைத்தியர் அதற்கான கதவை மூடவில்லை. இரவில் தூங்கவிடாத வலியும், வீட்டுக்குள்ளேயே நடமாட முடியாத நிலையும் வந்தால் யோசிப்போம் என்றிருக்கிறார். அந்த நிலை எனக்கு வரவில்லை. எப்படியும் சத்திரசிகிச்சைக்கு முன்பும் பின்பும் இதே தொடைப் பயிற்சியைத்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அதற்கிடையில் ஆறு கிலோ எடை குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று கேட்டபோது, இரவுப் புட்டின் அளவைக் குறைப்பது சிரமமாகத் தெரியவில்லை. கனடாவிலிருந்து மகள் தன்னோடு வந்து இருக்கும்படி ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். பனியில் இந்தக் காலோடு நடக்க எனக்குத் துணிவில்லை; எனக்குத் தெரிந்த படிகள் இங்கேதான் இருக்கின்றன.

மின்தூக்கி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் வாரத்தில் மூன்று நாள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்றாம் மாடிவரை ஏறி, அங்கிருந்து மின்தூக்கியில் போகிறேன். கதிரை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. போன மாதம் அதில் நாலாம் மாடி அம்மா ஒருவர் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக எழப் பார்த்தார். இருங்கள் என்று சொல்லி, அவர் ஆறும்வரை கைப்பிடியில் சாய்ந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் வீட்டில் சும்மா கிடந்த ஒரு கதிரையைத் துடைத்து, தம்பியிடம் கொடுத்துப் பக்கத்தில் போடச் சொன்னேன்.