மால்டாவில் ஒரு வாரம்: கடற்கரையா, கற்கோயில்களா?

அட்டன் வாசகி:
மால்டாவில் முதியோர் இல்லமொன்றில் பணிபுரியும் தங்கையைப் பார்க்க, அம்மாவும் நானும் அடுத்த ஆண்டு ஒரு வாரம் அங்கே செல்ல எண்ணியுள்ளோம். முகவர்கள் தரும் துண்டுப்பிரசுரங்களில் நீலக்கடல்தான் நிறைந்திருக்கிறது. அம்மாவுக்கோ கடலில் நாட்டமில்லை. பழைய கோயில், கோட்டை என்றால் முழங்கால் வலியையும் மறந்துவிடுவார். 316 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள நாட்டில் அவருக்கு ஏற்றவை எவை, எந்த மாதம் உகந்தது என்பதை அறிந்தவர்கள் கூறவும்.

பதுளை ஆசிரியர் (ஓய்வு):
மகளே, கடலுக்காக மால்டாவரை போக வேண்டியதில்லை. நமக்கு அறுகம்குடாவே போதும். அங்கே பார்க்க வேண்டியவை கற்கள்தாம். கோசோ தீவின் ஜிகந்தியா கோயில்கள் கி.மு. 3600 அளவில், உலோகக் கருவிகளை அறியாத மக்களால் எழுப்பப்பட்டவை. எகிப்தின் பிரமிட்டுகளுக்கும் முந்தியவை. தலைநகர் வலெட்டா, 1565இல் ஒட்டோமானியரின் பெருமுற்றுகையைத் தாங்கி நின்ற புனித யோவான் மாவீரர்கள் (அப்போது மால்டாவை ஆண்ட கிறித்தவத் துறவுப் படையினர்) மறு ஆண்டே அடிக்கல் நாட்டிய கோட்டை நகரம். எகிப்துக்குச் செல்லும் வழியில் 1798இல் நெப்போலியன் அவர்களை வெளியேற்றினார். பிரெஞ்சுப் படையினர் தேவாலயச் சொத்துகளில் கைவைக்கவே மக்கள் கிளர்ந்தெழ, உதவிக்கு வந்த பிரித்தானியர் அங்கேயே தங்கிவிட்டனர். இலங்கையின் கரையோரத்தைப் பிரித்தானியருக்கு உறுதிசெய்த 1802ஆம் ஆண்டின் அமியேன் உடன்படிக்கைதான், அவர்கள் மால்டாவை விட்டு வெளியேற வேண்டும் என்றும் விதித்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டார்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை! மால்டா சுதந்திரமடைந்தது 1964 செப்டெம்பர் 21இல்தான்.

லிந்துலைக்காரன்:
அக்கா, நான் அங்கே ஹோட்டலில் வேலை செய்தவன். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். நுவரெலியாக் குளிரில் பழகிய உடம்புக்கு அந்த வெயில் ஆகாது. ஏப்ரல், மே அல்லது ஒக்டோபர் நல்லது. வலெட்டாவின் தெருக்கள் பல படிக்கட்டுகளாகவே இறங்குகின்றன. துறைமுகத்திலிருந்து மேலே வர பராக்கா மின்தூக்கி இருப்பதால் அம்மாவுக்குச் சிரமம் குறையும். புனித யோவான் இணைப் பேராலயத்தில் கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய ஓவியத்தைத் தவறவிடாதீர்கள்: தலை வெட்டப்படும் யோவானின் கழுத்திலிருந்து வழிந்த குருதியிலேயே ஓவியர் கையொப்பமிட்டிருக்கிறார். தரை முழுவதும் மாவீரர்களின் பளிங்குக் கல்லறைகள் என்பதால், கூர்க்குதிச் செருப்புடன் உள்ளே விடமாட்டார்கள். பிரசுரத்தில் கோசோவின் கடலோரக் கல்வளைவு இருந்தால் நம்பாதீர்கள். அது 2017 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

அட்டன் வாசகி:
இருவருக்கும் நன்றி. நிலத்துக்கடியில் குடைந்த ஹல் சஃப்லியேனி புதைகூடத்துக்கும் அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

லிந்துலைக்காரன்:
நாளொன்றுக்கு எண்பது பேரைத்தான் உள்ளே விடுவார்கள். எனவே விசா கிடைத்தவுடனேயே தங்கையிடம் சொல்லி நுழைவுச்சீட்டை எடுத்துவிடுங்கள். ஆனால் படியிறங்க வேண்டும். முழங்கால் இடங்கொடாவிட்டால் ஹஜார் கிம் கோயிலுக்குப் போங்கள்: அது நிலத்தின்மேல், பெரிய கூடாரக் கூரையின்கீழ் இருக்கிறது, பேருந்தும் அருகிலேயே நிற்கும். கோசோவுக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சிர்கெவ்வா துறையிலிருந்து படகுச்சேவை உண்டு.