பேஸ்மென்ட் சுவரில் பிளாஸ்டிக் ஷீட் அடித்தாயிற்று, அப்புறம்?

கனடாவின் ஒன்டாரியோவில் வீடு வாங்கி, பேஸ்மென்ட்டை அறையாக்கி முடித்துவிடலாம் என்று இருப்பவர்கள் டிரைவால் (ஜிப்சம் சுவர்ப் பலகை) அடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஈரம் என்றால் வெளியிலிருந்து, மழையாக வரும் என்றே நமக்குப் பழக்கம். இங்கே குளிர்காலத்தில் அது வீட்டுக்குள்ளிருந்து கிளம்புகிறது. உள்ளே 21 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 7 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் வியர்க்கும். ஜனவரியில் இன்சுலேஷனுக்கு (குளிரைத் தடுக்கச் சுவருக்குள் வைப்பது) பின்னால் இருக்கும் மரம் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். பூஞ்சை அங்கேதான் பிடிக்கிறது.

அதனால் பில்டிங் கோடு (கட்டட விதிமுறை) இரண்டு வேலைகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. வேப்பர் பேரியர், பொருளின் ஊடாக ஆவி பரவுவதைத் தடுக்க வேண்டும். தேசியக் கோடின் 9.25 பிரிவில் இதற்கான வரம்பு: ஒரு பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில், சதுர மீட்டருக்கு வினாடிக்கு 60 நானோகிராம். இன்சுலேஷனின் சூடான பக்கம், அதாவது அறைப் பக்கம், 6 மில் (ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுள்ள பாலி, அதாவது பிளாஸ்டிக் ஷீட் அடித்தால் அது தீர்ந்தது. ஏர் பேரியர் என்பது காற்றையே நிறுத்துவது. பலரும் கோட்டைவிடுவது இதில்தான்.

கட்டடத் துறையினர் அடிக்கடி சொல்லும் ஒரு கணக்கு உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் 4க்கு 8 அடி டிரைவால் ஒன்றின் வழியாக ஒரு குளிர்காலம் முழுக்கப் பரவும் ஈரம் சுமார் 0.3 லிட்டர். அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால், காற்றோடு போவது சுமார் 28 லிட்டர்! ஷீட் எவ்வளவு தடிமன் என்பதைவிட ஸ்விட்ச் பாக்ஸைச் சுற்றி, பைப் நுழையும் இடத்தில், ஷீட்டின் ஓரங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஷீட்டின் இணைப்புகள் ஸ்டட் (சுவரின் செங்குத்துச் சட்டம்) மேல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கறுப்பு அகூஸ்டிக் சீலண்ட்டோ (இடைவெளியை அடைக்கும் பசை) சிவப்பு டேப்போ போட்டிருக்க வேண்டும். ரிம் ஜாய்ஸ்ட்டில் (அஸ்திவாரச் சுவரின் மேல், வெளி ஓரமாக ஓடும் மரம்) ஃபைபர்கிளாஸை வெறுமனே திணித்துவைத்திருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்ப்ரே ஃபோம் அடிக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட்டோடு ஒட்டி இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான ஃபோம்) பலகை வைத்தால், அதுவே வேப்பர் பேரியர் அளவுக்கு ஆவியைத் தடுக்கும். அதற்கு முன்னால் பாலியும் அடித்தால், நடுவில் மாட்டிய ஈரம் காய வழியில்லை. இரண்டும் வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொன்னால், முதலில் இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள்.

பெர்மிட் எடுத்த வேலையென்றால், இன்சுலேஷனும் வேப்பர் பேரியரும் முடிந்ததும் நகராட்சிக்குச் சொல்லி, அவர்கள் பார்த்த பிறகே மூட வேண்டும். என் கான்ட்ராக்டர் "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரே வார இறுதியில் மூடிவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்து மூன்று சுவர்களைத் திறக்கச் சொன்னார். செலவு என்னுடையது.

இதெல்லாம் குளிர் நாட்டுக் கதை. புளோரிடா மாதிரி இடத்தில் வருஷம் முழுக்க ஏசி ஓடும், ஆவி வெளியிலிருந்து உள்ளே வரும். அங்கே உள்பக்கம் பாலி அடித்தால் சுவர் அழுகும். அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள்.