பட்டுவின் பல்லும் என் இரண்டு வருடப் பயமும்

என் பூனை பட்டு பிஸ்கட்டைக் கவ்வுவாள், தலையை ஒருபக்கமாகச் சாய்ப்பாள், ரெண்டு கடி கடித்ததும் கீழே போட்டுவிடுவாள். அப்புறம் கிண்ணத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "வயசாயிடுச்சு, நாக்கு ருசி கேக்குது" என்றார் அம்மா. நானும் மத்தி மீனை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டாள். பசி நன்றாக இருக்கிறதே, அப்போ நோய் எதுவும் இல்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அதற்கு ரெண்டு வருடம் முன்பே, தடுப்பூசி போடப் போனபோது ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்: "கடைவாய்ப் பல்லில் காரை பிடித்திருக்கிறது, மயக்கம் கொடுத்துச் சுத்தம் பண்ணிடுங்க." நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை கருத்தடைக்குப் போய் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அந்தத் துணி மூட்டையை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு மயக்க மருந்து என்ற பேச்சே எனக்கு ஆகாது.

அதனால் மயக்கமே இல்லாமல் சுத்தம் செய்து தருவதாகச் சொன்ன ஓர் இடத்துக்குப் போனேன். துண்டில் இறுக்கிச் சுற்றி, ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு, கொக்கி மாதிரி ஒரு கருவியால் சுரண்டினார்கள். கத்திக்கொண்டே இருந்தாள், ஈறில் ரத்தம். பல் வெள்ளையாகத்தான் தெரிந்தது. மூன்றே மாதத்தில் பழைய நாற்றம் திரும்ப வந்துவிட்டது. வெளியே தெரியும் காரையைத்தான் அவர்கள் எடுத்தார்கள், நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் பூனை அங்கே யாரையும் கைவைக்க விடாது. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும் அவள் வலியோடு இருந்தாள் என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போன தையில்தான் துணிந்தேன். புது டாக்டரிடம் என் பயத்தை மறைக்காமல் சொன்னேன். "ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அதைக் குறைக்க என்னென்ன செய்வோம்னு சொல்றேன்" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. முதலில் ரத்தப் பரிசோதனை, குறிப்பாகச் சிறுநீரகமும் ஈரலும். பூனைக்கு இதயச் சுவர் தடித்துப்போகும் நோய் வெளியே தெரியாமலே இருக்கலாம் என்று எக்கோவும், அதாவது இதய ஸ்கேனும், எடுத்தார்கள். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது, தண்ணீர் மட்டும் காலை வரை கொடுக்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபிரிட்ஜ் முன்னால் வந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். பதில் சொல்ல முடியாமல் சமையலறை விளக்கை அணைத்தேன்.

முன்னங்காலில் ஒரு பட்டை அளவுக்கு முடி மழித்து ஊசி ஏற்றினார்கள். மருந்து இறங்கும்போது என் கையில்தான் இருந்தாள். பத்து எண்ணுவதற்குள் கழுத்து துவண்டது, கண் மட்டும் மூடவில்லை. மயக்கத்தில் பூனைக்குக் கண் திறந்தேதான் இருக்குமாம், காயாமல் இருக்கக் களிம்பு போட்டார்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்டுத்தான் மயக்க வாயு கொடுக்கிறார்கள். சுத்தம் செய்யும் கருவி தண்ணீர் பீச்சும், அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. பூனையின் தொண்டை, தொட்டாலே மூடிக்கொள்ளும், அதனால் முதலில் அங்கே மரத்துப்போகும் மருந்து தெளித்தார்கள். உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று அடியில் சூடான மெத்தை. ஒரு செவிலியர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் அவளுடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மட்டும் கவனித்தார்.

எக்ஸ்ரேயைக் காட்டியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழ்த்தாடையில் ரெண்டு பக்கமும் முதல் கடைவாய்ப் பல்லின் வேர், கறையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. வெளியே பார்த்தால் ஈறு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். உடம்பின் செல்களே பல்லைக் கரைத்துவிடுமாம். பூனைகளுக்கு இது அடிக்கடி வருகிறது, சரியான காரணம் இன்னும் பிடிபடவில்லை, அடைத்துப் பயனில்லை, பிடுங்க வேண்டும் என்றார். நரம்பை மரக்கடித்து ரெண்டையும் எடுத்து, தானே கரையும் நூலால் தைத்தார். மீதிப் பற்களை ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்து பாலிஷ் போட்டார்கள். பாலிஷ் அழகுக்காக இல்லை. சுரண்டிய இடத்தில் சொரசொரப்பு இருந்தால் காரை சீக்கிரமே மறுபடி ஒட்டும். எல்லாம் முடிய ஏறக்குறைய ரெண்டு மணி நேரம்.

சாயங்காலம் கூட்டிவந்தேன். கருவிழி முழுக்க விரிந்து, கால் பின்னிக்கொண்டு நடந்தாள். வீட்டில் இருக்கும் இன்னொரு பூனை சிட்டு, ஆறு வருடமாக அவளோடு ஒரே தலையணையில் தூங்குகிறவன், அவளைப் பார்த்துச் சீறினான். ஆஸ்பத்திரி வாசனையில் அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ரெண்டு நாள் தனி அறையில் வைத்து, ஒரே துண்டால் ரெண்டு பேரையும் மாற்றி மாற்றித் துடைத்தேன்.

ரெண்டு வாரம் கூழாகத்தான் சாப்பாடு. அப்புறம் முதல் தடவை பிஸ்கட் வைத்தேன். தலையைச் சாய்க்காமல் கடித்தாள். கறுக் கறுக்கென்று அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

* * *

அக்கா, பட்டுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சாம்பு தெருவில் கிடைத்த கடுவன். அவனுக்குக் காரையே குறைவு, ஆனால் வாய் முழுக்க, தொண்டை ஓரம் வரைக்கும் செக்கச்செவேலென்று புண். கொட்டாவி விட்டால் அலறுவான். எச்சில் ஒழுகி முன்னங்கால் ரெண்டும் எப்போதும் ஈரம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் மூன்று வாரம் நன்றாக இருப்பான், மறுபடி அதே கதை. கடைசியில் முன்பற்களையும் கோரைப் பற்களையும் விட்டுவிட்டு, பின்னாலிருக்கும் பற்களை எல்லாம் எடுத்தார்கள். "பல்லு இல்லாம எப்படிடா திங்கும்?" என்று அப்பத்தா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். ஒரு மாதத்தில் அதே அப்பத்தாதான் அவன் சிந்தாமல் தின்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது 4 கிலோ, முன்பு 3கூட இல்லை.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். பல் எடுத்த அன்று ராத்திரி அவன் முனகுவதைப் பார்த்து, காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலில் பாதி கொடுக்கலாமா என்று மாமா கேட்டார். நல்லவேளை, டாக்டருக்கு போன் போட்டேன். பூனையின் உடம்பால் அந்த மருந்தைச் செரித்து வெளியேற்ற முடியாது, ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். வலிக்கு டாக்டர் எழுதித் தருவது மட்டும்தான்.

* * *

அக்கா, நானும் படித்தேன். எங்கள் பூனை பதினான்கு வயதுக் கிழவி. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடுதலாக வந்தது. இப்போது மயக்கம் வேண்டாம் என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது கோபமாக இருந்தது, இப்போது அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். மூன்று வாரம் சலைனும் உணவு மாற்றமும். மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம்தான் மயக்கம், அதுவும் சலைன் ஓடிக்கொண்டே. நல்லபடியாக எழுந்தாள். அக்கா, இப்போது பட்டுவுக்குப் பல் தேய்க்கிறீர்களா? எங்களவள் பிரஷைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

* * *

தேய்க்கிறேன்ங்க. முதல் வாரம் பிரஷை எடுக்கவே இல்லை. மீன் வேகவைத்த தண்ணீரை விரலில் தொட்டு உதட்டுக்கு உள்ளே தடவுவேன், அவ்வளவுதான். அடுத்து விரலில் மெல்லிய துணி சுற்றினேன், அதற்கப்புறம் சின்னப் பிரஷ். பேஸ்ட் பூனைக்கென்று விற்பதுதான். நம்முடையதில் ஃபுளோரைடு இருக்கிறது, அவள் துப்ப மாட்டாள், விழுங்கிவிடுவாள். வாயைத் திறக்கவே வேண்டாம், கன்னத்துப் பக்கம் வெளிப்புறம் தேய்த்தால் போதும். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் தானாக வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறாள். வலப்பக்கம் நன்றாகக் காட்டுகிறாள். இடப்பக்கம் மட்டும் இன்னும் கையைத் தள்ளிவிடுகிறாள்.