மங்கள்யான் பாடம்: தேதி போதுமா, மைதானத்துக்குப் போகணுமா?

கரும்பலகை: எட்டாம் வகுப்புக்கு விண்வெளிப் பாடம் எடுக்கிறேன். இஸ்ரோவின் செவ்வாய் விண்கலமான மங்கள்யானை ஏவிய நாள் கேட்டால் 2013 நவம்பர் 5 என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிறார்கள். நாசாவின் செவ்வாய் விண்கலமான மேவனும் ஏன் அதே மாதம் கிளம்பியது என்றால் வகுப்பே என் முகத்தைப் பார்க்கிறது. அதனால் ஒரு பீரியட் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஆணி, கயிறு, சுண்ணாம்புப் பொடி. 2 மீட்டரில் பூமி வட்டம், 3 மீட்டரில் செவ்வாய் வட்டம். உள்ளே 12 கோடு, வெளியே 23. கைதட்டலுக்கு ஒரு கோடு நகரணும், அது ஒரு மாதம். பக்கத்துப் பக்கத்தில் கிளம்பினால் பூமியாக நடந்தவள் இரண்டு சுற்று முடித்து மூன்றாவதில் கால் வைத்த பிறகுதான் செவ்வாயைப் பிடித்தாள். இரண்டும் இப்படி மறுபடி அதே நிலைக்கு வரும்போதுதான் விண்கலம் அனுப்ப வாய்ப்பு, அதனால்தான் இரண்டும் ஒரே மாதம் கிளம்பின. எல்லாரும் இதைச் செய்யலாமே?

போர்ஷன் புலி: இரண்டு பேர் நடக்க நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் பாடமா சார்? வட்டம் போடவே பாதி பீரியட் போயிடும். பரீட்சையில் கேட்பது தேதியைத்தான். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு மார்க் பெரிசு.

கரும்பலகை: அந்த மார்க்கை யார் பறித்தார்கள்? தேதியும் சொல்லித்தான் ஆகணும். பாடத்தைத் தாண்டிச் சொல்லித்தருவது என்றால் கருந்துளை, வேற்றுக்கிரகவாசி என்று கூடுதலாக நாலு பக்கம் ஓட்டுவது என நினைக்கிறோம். நான் புத்தகத்தில் இருக்கும் அதே வரியைத்தான் தோண்டினேன். அப்புறம், மற்றவர்கள் சும்மா நிற்கவில்லை, கைதட்டி எண்ணுவதே அவர்கள்தான்.

கணக்கு டீச்சர்: எண்ணிக்கை இடிக்குதே. 12, 23 கோடு போட்டால் 25-வது தட்டிலேயே பிடித்துவிடுவாள். உண்மையில் ஏறத்தாழ 26 மாதம். செவ்வாய்க்கு ஒரு சுற்று 687 நாள், மாதக் கணக்கில் 22.6, அதை 23 ஆக்கியதால் வந்த வினை. இன்னொன்று, கிளம்பும்போது செவ்வாய் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, சுமார் 44 டிகிரி முன்னால் இருக்கணும். விண்கலம் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் அதுவும் நகர்ந்திருக்குமே. மங்கள்யான் சேர்ந்தது 2014 செப்டம்பர் 24.

கரும்பலகை: 25-ஆ 26-ஆ என்று ஒரு பையனும் மடக்கினான் டீச்சர்! 687-ஐ மாதத்தின் சராசரி நாளான 30.4 ஆல் வகுக்கச் சொல்லிவிட்டேன். 44 டிகிரியை விட்டது என் தப்பு. இரண்டு கோடு முன்னால் செவ்வாயை நிறுத்தினால் 31 டிகிரி, மூன்று என்றால் 47. மூன்றாக வைத்துக்கொள்கிறேன்.

போர்ஷன் புலி: சரி, ஒன்று கேட்கிறேன். திரும்பி வந்ததும் தாளில் எழுத வைத்தீர்களா? இல்லையென்றால் அது விளையாட்டு பீரியட்தான்.

கரும்பலகை: அந்த நவம்பரை இஸ்ரோ தவறவிட்டிருந்தால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று கேட்டேன். மைதானத்தில் நடப்பதற்கு முன் பாதிப் பேர் 2014 நவம்பர் என்று எழுதியிருந்தார்கள், தீபாவளி மாதிரி வருஷாவருஷம் வரும் என்ற நினைப்பு. வந்தபின் பெரும்பாலானவர்கள் 2016 தொடக்கம் என்றார்கள்.

போர்ஷன் புலி: கேள்வி நல்லாத்தான் இருக்கு. வினாத்தாளில் வரட்டும், நானும் சுண்ணாம்பு வாங்குகிறேன். அதுவரைக்கும் தேதிதான்.