புதுப்பிப்பு: வைல்ட்ஃபிளை லாக் டிஸ்கை நிரப்பிய கதை

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் சர்வரில் வைல்ட்ஃபிளை (ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருள்) எழுதும் லாக் கோப்புகள், அதாவது நடப்பதைப் பதிந்துவைக்கும் கோப்புகள், டிஸ்கை நிரப்புகின்றன, ஹைபர்நேட் (செயலியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜாவா நூலகம்) எழுதும் வரிகள் இரண்டு தரம் விழுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

இரட்டிப்பு சின்ன விஷயம். ஹைபர்நேட் லாகருக்கும் அதற்கு மேலே இருக்கும் ரூட் லாகருக்கும் ஒரே ஃபைல் ஹேண்ட்லர் (வரிகளைக் கோப்பில் எழுதும் பகுதி); மேலே உள்ள லாகரின் ஹேண்ட்லருக்கும் வரியை அனுப்பச் சொல்லும் யூஸ்-பேரன்ட்-ஹேண்ட்லர்ஸ் 'ட்ரூ'. அதை 'ஃபால்ஸ்' ஆக்கியதும் நின்றது.

டிஸ்க்தான் பெரிய தலையிடி. வைல்ட்ஃபிளையில் இயல்பாக இருக்கும் பீரியாடிக் ரொட்டேட்டிங் ஹேண்ட்லர் நாளுக்கொரு கோப்பாகப் பிரிக்கும், பழையதை அழிக்கவே அழிக்காது. கோப்பின் அளவைப் பார்த்துப் பிரிக்கும் சைஸ் ரொட்டேட்டிங்குக்கு மாற்றினேன்: ரொட்டேட்-சைஸ் (கோப்பு பிரியும் அளவு) 50 எம்பி, மேக்ஸ்-பேக்கப்-இன்டெக்ஸ் (வைத்திருக்கும் பழைய கோப்புகளின் எண்ணிக்கை) 10. இவற்றைக் கொடுக்காமல் விட்டால் 2 எம்பி, ஒரே ஒரு பேக்கப். பெரும்போக அறுவடையில் நெல் லொறிகள் வரிசை கட்டும்போது அது எந்த மூலைக்குக் காணும்? பிழையின் தடயமே மிஞ்சாது.

முந்தைய பதிவுக்கு, வைல்ட்ஃபிளையின் அமைப்புக் கோப்பான ஸ்டாண்ட்அலோன் எக்ஸ்எம்எல்லைக் கையால் திருத்தச் சொன்ன அண்ணாவுக்கு: சர்வர் ஓடும்போது வேண்டாம், நம் திருத்தத்தை சர்வர் மேலெழுதிவிடும். ஜேபாஸ் சிஎல்ஐயில் (வைல்ட்ஃபிளையின் கட்டளைவரிக் கருவி) லாக் லெவலை, அதாவது எவ்வளவு விவரம் பதிய வேண்டும் என்பதை, மாற்ற ரீஸ்டார்ட்டும் தேவைப்படவில்லை.