அலுவலகப் பயணத்துக்கு ஒற்றைக் கியர் ரோடு பைக்: பெங்களூர்ச் சாலைக்குப் பொருந்துமா?

அல்சூர்க்காரன்:
என்னிடம் அலுமினியச் சட்டகம் கொண்ட 16 கியர் ரோடு பைக் (மெல்லிய டயர் சைக்கிள்) ஒன்று இருக்கிறது. அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் சாலை வழியாக வைட்ஃபீல்டுக்குச் சுமார் 15 கி.மீ. அதில்தான் போய்வருகிறேன். கியர் மாற்றிகள், கேபிள்கள், பின்னால் இருக்கும் எட்டுப் பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முன்னே 46 பல், பின்னே 16 பல் என்று ஒரே கியராக்கிவிட எண்ணுகிறேன். ஏறத்தாழ ஒரு கிலோ குறையும், பராமரிப்பும் குறையும். இதை மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

இந்திராநகர் வாசகன்:
காரணத்தோடே மறுக்கிறேன். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ, மடிக்கணினியும் சாப்பாடும் மழைக்கோட்டும் உள்ள பை 5 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 85 கிலோ. அதில் ஒரு கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றே கால்கூட இல்லை. அதற்காகக் கியரைக் கழற்றுவது, யானையின் எடையைக் குறைக்க அதன் நகத்தை வெட்டுவதைப் போன்றது.

கே.ஆர். புரம் தொங்குபாலத்தின் ஏற்றத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறுகிறீர்கள் என்போம். 28 மி.மீ. டயருடன் 46க்கு 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 6.1 மீட்டர் நகரும். அதாவது நிமிடத்துக்கு 41 சுற்றுதான் மிதிப்பீர்கள். அந்த மெதுவான மிதியில் முழு அழுத்தமும் முழங்காலில் இறங்கும். கியர் இருந்தால் 34க்கு 25 போட்டு அதே வேகத்தில் 86 சுற்று மிதிக்கலாம். டூர் டி பிரான்ஸ் பந்தயமே 1937இல் கியர் மாற்றியை அனுமதித்துவிட்டது. அதற்கு முன் வீரர்கள் மலையடியில் இறங்கிப் பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். நாம் ஏன் திரும்பிப் போக வேண்டும்?

அல்சூர்க்காரன்:
அவர்கள் ஆல்ப்ஸ் மலையில் ஏறினார்கள். நான் ஏறுவது ஒரு ரயில்வே மேம்பாலம். அந்த இரண்டு நிமிடத்துக்கு எழுந்து நின்று மிதித்துவிடலாம். மீதி வழி முழுவதும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவதுதான் வேலை, அதில் தவறான கியரில் மாட்டிக்கொண்டு திணறுவது கியர் வண்டிக்காரர்தான். ஜூன் முதல் அக்டோபர் வரை சாலைச் சேறு முழுவதும் பின் கியர் மாற்றியின் சின்னஞ்சிறு உருளைகளில்தான் போய் அடைகிறது. ஒற்றைக் கியருக்குரிய அகலச் சங்கிலி எந்தத் தெருமுனைச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

ஸ்ரீராமபுரம் சக்கரம்:
இருவரும் எடையையும் ஏற்றத்தையும் பேசுகிறீர்கள். ஒற்றைக் கியரின் உண்மையான லாபம் பின்சக்கரத்தில் இருக்கிறது. கியர் சைக்கிளில் வலப்புறம் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், ரிம் நடுவில் நிற்க வலக் கம்பிகளை அதிகமாக முறுக்கி, இடக் கம்பிகளைத் தளர்வாக விடுகிறோம். இடப்பக்க இறுக்கம் பல சக்கரங்களில் வலப்பக்கத்தின் பாதி அளவுதான் இருக்கும். பள்ளத்தில் விழும்போது இந்தத் தளர்ந்த கம்பிகள் மேலும் தளர்ந்து சக்கரம் கோணலாகிறது. ஒற்றைக் கியருக்கென்றே செய்த ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே இறுக்கம். நம் ஊர்ச் சாலைக்கு ஒரு கிலோ குறைவதைவிட இது பெரிது.

ஆனால் நீங்கள் இருக்கிற ஹப்பிலேயே வளையங்களை அடுக்கி நடுவில் ஒரு பல்சக்கரம் மாட்டினால் இந்த லாபம் கிடைக்காது, கம்பிகள் பழையபடியேதான் இருக்கும். இன்னொன்று: பின்அச்சு உட்காரும் பிளவு செங்குத்தாக இருக்கிறதா, படுக்கைவாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கையாக இருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் சங்கிலியை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் தனியாக ஓர் இறுக்கி மாட்ட வேண்டும்.

இந்திராநகர் வாசகன்:
அந்த இறுக்கியிலும் ஓர் உருளை உண்டு, அதிலும் சேறு அடையும். புதுச் சக்கரம், புதுச் சட்டகம் என்று போனால் இது மாற்றம் அல்ல, இரண்டாவது சைக்கிள்.

ஸ்ரீராமபுரம் சக்கரம்:
ஆம், இரண்டாவது சைக்கிள்தான். அப்படிச் செய்வதே முறை. 1980களின் பழைய எஃகு ரோடு சட்டகம் கிடைத்தால் எடுங்கள். பின்சக்கரம் உட்காரும் இடத்தின் அகலம் பெரும்பாலும் 126 மி.மீ. இருக்கும், 120 மி.மீ. ஹப்புக்கு இரு பக்கமும் 3 மி.மீ. வளையம் போட்டால் போதும். சங்கிலியை இறுக்கும்போது கிராங்கை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், முன் பல்சக்கரம் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை என்பதால் ஓரிடத்தில் விறைக்கும், ஓரிடத்தில் தொங்கும். விறைக்கும் இடத்தில் நடுச்சங்கிலி மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் ஹப்பின் பேரிங் தேயும். மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீல் பல்சக்கரம் போடுங்கள், இரண்டு பிரேக்கையும் வைத்துக்கொள்ளுங்கள், டயர் 28க்குக் கீழே போகாதீர்கள். 46க்கு 16 வேண்டாம். 42க்கு 17 போதும்.

அல்சூர்க்காரன்:
பார்த்துவிட்டேன், என் சட்டகத்தின் பிளவு செங்குத்துதான். ஆகவே அதைக் கியரோடு விட்டுவிட்டு, எஃகுச் சட்டகம் தேடப்போகிறேன். 42க்கு 17 என்றால் நிமிடத்துக்கு 80 சுற்றில் 25 கி.மீ. வேகம் வருகிறது, எனக்கு அது சரி.

இந்திராநகர் வாசகன்:
எஃகுச் சட்டகம் என்று வந்த பிறகு எடை குறைகிறது என்ற வாதத்தை யாரும் எடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இருந்தாலும் பின்னால் 18 பல்லே போடுங்கள். தொங்குபாலத்தில் 15 கி.மீ. வேகத்துக்கு 50 சுற்று கிடைக்கும், சமதளத்தில் 25 கி.மீ. வேகத்துக்கு 84 சுற்றுக்கு மேல் கேட்காது.

ஸ்ரீராமபுரம் சக்கரம்:
பின்காற்று அடிக்கிற நாளில் 18 பல்லில் கால் சும்மா சுழலும். 17ஐ மாட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். 18க்கு மாற வேண்டுமென்றால் ஒரு ஃப்ரீவீல் விலைதான் செலவு. சங்கிலியை மட்டும் அதற்கேற்ற நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு பல் கூடினால் அச்சு கொஞ்சம் முன்னுக்கு வரும்.